சட்டம் படிக்கப் போகிறவர்கள் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். முடிவு வந்தாலும் சரி, ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். முடிவு வந்தாலும் சரி, என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை லாயருக்குப் படிக்கணும்னு சொல்றான், எந்தக் காலேஜ் நல்லா இருக்கும்?" கோலாலம்பூரில் வழக்கறிஞராக இருப்பதால் உறவுக்காரர்கள், கோயிலில் பார்க்கிறவர்கள், வீட்டுப் பத்திரம் கையெழுத்துப் போட ஆபீசுக்கு வருகிறவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. மூன்று நான்கு வருடம் படித்து, அப்பாவின் ஊழியர் சேமநிதியில் கல்விக்கென எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்து, பட்டமும் வாங்கிய பிறகு, "இதை வைத்து நீதிமன்றத்தில் நிற்க முடியாது" என்று தெரிந்துகொள்கிற குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அதனால் எந்தக் காலேஜ் என்பதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, வழக்கறிஞராகப் பதிவாகும் நாளிலிருந்து பின்னோக்கி வருவோம்.

தீபகற்ப மலேசியாவில் யார் வழக்கறிஞர் ஆகலாம் என்பதை முடிவு செய்வது 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம். அதன் 3ஆவது பிரிவு "தகுதி பெற்றவர்" யார் என்று சொல்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம், இங்கிலாந்தின் பாரிஸ்டர் தகுதி ஆகியவை அந்தப் பிரிவிலேயே பெயரோடு இருக்கின்றன. மற்ற எந்தப் பட்டமானாலும் சட்டத்துறைத் தலைவரைத் தலைவராகக் கொண்ட சட்டத்தொழில் தகுதி வாரியம் அதை ஏற்றிருக்க வேண்டும். இங்குள்ள யு.கே.எம்., யு.ஐ.ஏ., யு.ஐ.டி.எம். ஆகிய பல்கலைக்கழகங்களின் சட்டப் பட்டங்களும் ஏற்கப்பட்டவை. இங்கே படித்தவர்கள் பட்டம் வாங்கியதும் நேராக சேம்பரிங் என்ற தொழிற்பயிற்சிக்குப் போகலாம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பல்கலைக்கழகங்களில் வாரியம் ஏற்றுக்கொண்ட சட்டப் பட்டம் வாங்கியவர்கள் அதற்கு முன் சட்டத்தொழில் சான்றிதழுக்கான சி.எல்.பி. தேர்வைத் தாண்ட வேண்டும். 1984இல் தொடங்கிய தேர்வு அது. சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில்முறை நடைமுறை, அப்புறம் ஒரு பொதுத்தாள் என 5 தாள்கள். இங்கிலாந்துக்கே போய் பாரிஸ்டர் பயிற்சியை முடித்து வந்தால் சி.எல்.பி. வேண்டாம், ஆனால் அந்தப் பயிற்சிக் கட்டணம் மட்டுமே பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும், லண்டனில் தங்கிச் சாப்பிடுவது தனிக் கணக்கு.

இதற்கெல்லாம் பிறகு 9 மாத சேம்பரிங். குறைந்தது 7 ஆண்டுகள் தொழிலில் இருக்கிற ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சி பெற்று, சட்ட உதவிப் பணியையும் செய்து, உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, ஒரு நாள் கறுப்பு அங்கியோடு நீதிபதி முன் நின்றால்தான் வழக்கறிஞர். சபா, சரவாக்கில் இந்தச் சட்டம் இல்லை, அங்கே தனிச் சட்டங்கள், தனிப் பதிவு. கோலாலம்பூரில் பதிவானவர் கூச்சிங் நீதிமன்றத்தில் இஷ்டம்போல் போய் வாதாட முடியாது.

இதில் குடும்பங்கள் அதிகம் குழம்புவது அங்கீகாரம் என்ற விஷயத்தில். கல்லூரி ஆலோசகர் "எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கு" என்று சொல்வார். உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தப் படிப்பு இந்நாட்டின் உயர்கல்வித் தரத்துக்கு ஏற்றது என்பதுதான் அதன் பொருள், அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் கேட்கும்போது அது உதவும். பட்டம் தருகிற பல்கலைக்கழகத்துக்குப் பிரிட்டனில் நல்ல பெயர் இருக்கலாம், அதுவும் உண்மையே. இந்த இரண்டும் இருந்தும் வாரியத்தின் ஏற்பு இல்லாமல் போகலாம். வாரியம் பட்டத்தின் பெயரோடு நிற்பதில்லை: எஸ்.பி.எம்.மில் என்ன எடுத்தீர்கள், பட்டத்துக்கு முன் எந்தப் படிப்பு, பட்டத்தில் எந்த வகுப்பில் தேறினீர்கள், எத்தனை வருடம் எங்கே உட்கார்ந்து படித்தீர்கள் என்று எல்லாவற்றையும் பார்க்கிறது. பட்டத்துக்கு முந்திய பவுண்டேஷன் படிப்பில் சேருகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். ஒரு கல்லூரியின் பவுண்டேஷன் அதே கல்லூரியின் சட்டப் படிப்பில் சேரப் போதுமானதாக இருக்கும், வாரியத்துக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. விதிமுறைகளை வாரியமே வெளியிடுகிறது, அவ்வப்போது மாற்றவும் செய்கிறது. பணம் கட்டும் முன் வாரியத்துக்கே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்காள் மகன் ஐந்து வருடத்துக்கு முன் இதே வழியில் போனான் என்பது இதற்குப் பதிலாகாது.

சரி, எந்த வழி? என் மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்கிறேன்: மதிப்பெண் எட்டும் என்றால் ஆறாம் படிவம், பிறகு யு.பி.யு. என்ற பொதுச் சேர்க்கை விண்ணப்பத்தின் வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகம். எஸ்.டி.பி.எம். என்றாலே நம் பெற்றோர் பயப்படுகிறார்கள், "கஷ்டம், பிள்ளை தாங்க மாட்டான்" என்கிறார்கள். கஷ்டம்தான். ஆனால் வரலாறு, பொதுப்பாடம், விரும்பினால் தமிழ்மொழி என்று மூன்று பருவங்களுக்கு ஒரு பிள்ளை நீண்ட விடைகளை மலாயிலும் தமிழிலும் எழுதிப் பழகுகிறானே, சட்டப் படிப்புக்கு அதைவிடப் பொருத்தமான முன்பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. செலவும் மிகக் குறைவு. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சட்டம் 4 வருடம், தனியாரில் 3 வருடம் என்று ஒரு வருடத்தைப் பெரிதாகப் பேசுவார்கள். அந்த 3 வருடத்தோடு சி.எல்.பி.க்குப் படிக்கும் காலத்தையும் சேர்த்தால் கணக்கு அநேகமாகச் சமமாகிவிடும். சி.எல்.பி.யில் ஒரு தாள் தவறினால் அதற்கும் மேலே போகும்.

பினாங்குப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பக்கத்திலேயே யு.எஸ்.எம். பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆனால் அங்கே சட்டத்துறை கிடையாது. மலாயாப் பல்கலைக்கழகம் என்றால் கோலாலம்பூர், யு.யு.எம். என்றால் கெடாவில் சிந்தோக். அதனால் பயான் லெப்பாஸிலிருந்தோ பட்டர்வொர்த்திலிருந்தோ வருகிற பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே தங்குமிடச் செலவு உண்டு, அதையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும். யு.ஐ.டி.எம்.மின் பட்டப்படிப்பு நமக்குத் திறந்ததல்ல என்பதால் அந்தக் கதவை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

தனியார் வழி தவறு என்று சொல்லவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தை இங்கிருந்தே படித்து, சி.எல்.பி. எழுதி, இன்று நல்ல பெயரோடு தொழில் செய்கிற தமிழர்கள் நிறையப் பேர். பகலில் வேலை, இரவில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வகுப்பு என்று படித்து வந்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களின் உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை. இரண்டு வருடம் இங்கே, கடைசி ஒரு வருடம் பிரிட்டனில் என்ற வழியும் இருக்கிறது, அதில் கடைசி வருடச் செலவுதான் பல குடும்பங்களை உலுக்குகிறது. பி.டி.பி.டி.என். எல்லாப் படிப்புக்கும் கிடைக்காது, எந்தப் படிப்புக்குக் கிடைக்கும் என்று கல்லூரியிடமும் கேளுங்கள், பி.டி.பி.டி.என்.னிடமும் கேளுங்கள். ம.இ.கா.வின் எம்.ஐ.இ.டி. கல்விக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம்.

பணத் திட்டத்தில் நம்மவர்கள் விட்டுவிடுகிற இடம் பட்டத்துக்குப் பிந்திய காலம். பட்டமளிப்பு விழாவோடு செலவு முடிந்தது என்று வீடு மூச்சு விடும், ஆனால் சி.எல்.பி.க்குப் படிக்கும் மாதங்களில் பிள்ளைக்கு வருமானம் இருக்காது. சேம்பரிங்கில் கிடைப்பது அலவன்ஸ்தான், கோலாலம்பூர் அறை வாடகைக்கும் எல்.ஆர்.டி.க்கும் சாப்பாட்டுக்கும் போனால் வீட்டுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. "மாலையில் கிராப் ஓட்டிச் சமாளிச்சுக்குவான்" என்றும் திட்டம் போட முடியாது, ஏனென்றால் சேம்பரிங் காலத்தில் வழக்கறிஞர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் வேறு வேலை பார்க்கக் கூடாது, பகுதி நேர வேலையும் அதில் அடக்கம். ஒரு பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்த்து அடுத்த பிள்ளையின் படிப்பைத் திட்டமிடுகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று, இணையத்தில் தேடினால் கிடைக்கிற ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு உரியது. அங்கே முதலில் ஏதாவது ஒரு பட்டம் வாங்கி, எல்சாட் தேர்வு எழுதி, அதற்கப்புறம்தான் சட்டக் கல்லூரி. இங்கே சட்டமே முதல் பட்டம். எல்சாட் பயிற்சிப் புத்தகத்தை வாங்கி மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அந்த நேரத்துக்காக மனம் கஷ்டப்பட்டது. பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் யு.சி.எல். போன்ற சில பல்கலைக்கழகங்கள் எல்நாட் என்ற தேர்வைக் கேட்கின்றன. அதில் 12 பத்திகளை வைத்து 42 கேள்விகள் 95 நிமிடத்தில், பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஒருவர் எழுதியதில் எது வாதம், எது அதற்கு ஆதாரம், எதை அவர் சொல்லாமலே எடுத்துக்கொண்டார் என்று பார்க்கத் தெரிய வேண்டும். அந்தப் பல்கலைக்கழகங்களுக்குப் போகாதவர்களும் அதன் மாதிரித் தாளை ஒரு முறை செய்து பார்க்கலாம், நல்ல பயிற்சி.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் சமூகத்தில் சட்டம் என்றால் பேச்சு. தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை, பட்டிமன்றத்தில் நடுவரையே மடக்கிய பிள்ளை, வீட்டில் எதிர்த்துப் பேசுகிற பிள்ளை, இவர்களைத்தான் லாயர் ஆக்கப் பார்க்கிறோம். மேடைப் பேச்சு கொடுக்கும் தைரியம் நல்லது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சட்டப் படிப்பில் நான்கு வருடமும் மதிப்பெண் கிடைப்பது எழுதுகிற விடைக்கு. தொழிலுக்கு வந்த பிறகும் வழக்கின் பெரும்பகுதி மனுவிலும் அஃபிடவிட்டிலும் எழுத்து வாதத்திலும் நடக்கிறது, நீதிபதி அவற்றைப் படித்துவிட்டு வந்து, நாம் வாயைத் திறந்ததும் "28ஆம் பத்தியில் இப்படிச் சொல்கிறீர்களே, அதற்கு ஆதாரம் எங்கே?" என்றுதான் கேட்பார். அந்த நேரத்தில் குரல் வளம் உதவாது. எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அமைதியான, மேடை ஏறத் தயங்குகிற, ஆனால் ஒரு பக்கத்தை மூன்று முறை படித்துப் பார்க்கிற பொறுமையுள்ள பிள்ளையை "உனக்கு எதுக்கு லாயர் வேலை" என்று வீட்டில் தடுக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இந்தத் தொழில் தேடுகிற ஆள் அந்தப் பிள்ளைதான்.

சட்டத்தைப் படிப்பது என்றால் என்ன என்பதை ஒரு வழக்கை வைத்தே காட்டுகிறேன், மாணவர்களுக்கு நெருக்கமான வழக்கு. மலேசிய அரசாங்கம் எதிர் குர்சரண் சிங், மலாயன் லா ஜர்னலின் 1971 தொகுதியில் இருக்கிறது. ஒருவர் அரசாங்கச் செலவில் ஆசிரியர் பயிற்சி பெறுகிறார். பயிற்சி முடிந்ததும் 5 ஆண்டுகள் அரசாங்கத்துக்கு ஆசிரியராக வேலை செய்ய வேண்டும், தவறினால் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். அந்த 5 ஆண்டு முடியும் முன்பே அவர் வேலையை விடுகிறார். அரசாங்கம் பணத்தைக் கேட்டு வழக்குப் போடுகிறது.

முதல் தடவை படிக்கிறவர், "கையெழுத்துப் போட்டாரில்லையா, அப்புறம் கட்டித்தானே ஆகணும்" என்பார். ஆனால் கையெழுத்துப் போட்டபோது அவர் சட்டப்படி வயது வராதவர். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள், வயது வந்தவருக்குத்தான் ஒப்பந்தம் செய்யும் தகுதி உண்டு என்கிறது. வயது வராதவர் செய்துவிட்டால் அந்த ஒப்பந்தம் என்ன ஆகும் என்று அங்கே ஒரு வரியும் இல்லை. அதற்கு விடை கல்கத்தாவில் தொடங்கி, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன மோஹரி பீபி வழக்கில் 1903இல் கிடைத்தது: அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. அப்படியானால் அரசாங்கம் வெறுங்கையோடு போக வேண்டியதுதானா? இப்போது 69ஆவது பிரிவுக்கு வாருங்கள். ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாத ஒருவருக்கு அவருடைய வாழ்க்கை நிலைக்கு அவசியமானதைக் கொடுத்தவர், அதற்குரியதை அவருடைய சொத்திலிருந்து பெறலாம் என்கிறது அது. கல்வி அப்படிப்பட்ட அவசியமா என்பதுதான் வழக்கு கடைசியில் வந்து நின்ற கேள்வி. ஆம் என்றது நீதிமன்றம். ஆனால் அவர் ஏற்கனவே வேலை செய்த காலத்தைக் கணக்கில் எடுத்து, கேட்ட முழுத் தொகையையும் கொடுக்காமல் ஒரு பகுதியை மட்டும் கட்டச் சொன்னது.

கதை அதோடு நிற்கவில்லை. 1976இல் நாடாளுமன்றம் ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தியது. உபகாரச் சம்பள ஒப்பந்தங்களை, கையெழுத்துப் போட்டவர் வயது வராதவர் என்ற காரணத்துக்காகச் செல்லாது என்று சொல்ல முடியாது என ஆகிவிட்டது. இந்த ஒரு வழக்கில் எத்தனை அடுக்கு பாருங்கள்: ஒரு சட்டப் பிரிவு, அது சொல்லாமல் விட்டதை நிரப்பிய பழைய தீர்ப்பு, இன்னொரு பிரிவு, கடைசியில் நாடாளுமன்றம். இப்படி ஒரு வழக்கை எடுத்து, என்ன நடந்தது, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன, எந்தக் காரணத்தால் அப்படித் தீர்ப்பானது, பிறகு என்ன மாறியது என்று ஒரே பக்கத்தில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சுருக்குகிற இடத்தில்தான் புரியாதது எது என்று தெரியும். வாரத்துக்கு ஒன்று செய்தால் போதும், முதல் வருட வகுப்பில் உட்காரும்போது மற்றவர்கள் திணறுகிற வேலை உங்களுக்குப் பழகியிருக்கும்.

மோஹரி பீபி எப்படி கோலாலம்பூருக்கு வந்தார் என்று கேட்பீர்கள். நம் ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது, தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து, சாட்சியச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தைப் பார்த்து. அதனால் இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளை இன்றும் நம் நீதிமன்றங்களில் எடுத்துக் காட்டுகிறோம், அவை கட்டுப்படுத்தாவிட்டாலும் மதிக்கப்படும். நிலச் சட்டம், பதிவேட்டை வைத்தே நில உரிமையை முடிவு செய்கிற ஆஸ்திரேலியாவின் டோரன்ஸ் முறையிலிருந்து வந்தது. இங்கிலாந்துச் சட்டத்துக்கும் இடமுண்டு, அதில் பினாங்குக்குத் தனிச் சேதியே இருக்கிறது: 1807ஆம் ஆண்டு அரச சாசனத்தின் மூலம் அங்கே நீதிமன்றம் அமைக்கப்பட்டது, இன்றைக்கும் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 5ஆவது பிரிவு வணிகச் சட்ட விஷயத்தில் பினாங்கையும் மலாக்காவையும் தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களிலிருந்து பிரித்துத்தான் வைத்திருக்கிறது. முதல் வருடத்தில் மலேசிய சட்ட அமைப்பு என்ற பாடத்தில் இது வரும். சொந்த ஊர்க் கதையாகத் தெரிந்துகொண்டு போகிற பினாங்குப் பிள்ளைக்கு அது மனப்பாடப் பாடமாக இருக்காது.

அடுத்தது மொழி, இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். தீபகற்பத்தில் சாட்சி சொல்வதைத் தவிர நீதிமன்ற நடவடிக்கைகள் தேசிய மொழியில் நடக்க வேண்டும், நீதியின் நலன் கருதி நீதிமன்றம் ஆங்கிலத்தை அனுமதிக்கலாம் என்கிறது தேசிய மொழிச் சட்டத்தின் 8ஆவது பிரிவு. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி ஆவணங்கள் மலாயில் தாக்கலாக வேண்டும், வேண்டுமானால் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கூடச் சேர்க்கலாம். ஆனால் மேல் நீதிமன்றங்களின் முக்கியமான தீர்ப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். ஆக இரண்டும் வேண்டும், ஒன்றை வைத்து இன்னொன்றைச் சமாளிக்க முடியாது. தனியார் கல்லூரியில் மூன்று வருடம் முழுக்க ஆங்கிலத்தில் படித்துவிட்டு சேம்பரிங் வருகிற பிள்ளை, முதல் வாரத்தில் மலாயில் ஒரு அஃபிடவிட் எழுதச் சொன்னால் வியர்த்துப் போகிறான். எஸ்.பி.எம். மலாயில் கிரெடிட் இல்லாதவர்கள் வழக்கறிஞராகப் பதிவாகும் முன் தனியாக மலாய்த் தகுதித் தேர்வு எழுத வேண்டி வரும், அந்தப் பாடத்தை ஐந்தாம் படிவத்திலேயே அலட்சியம் செய்யாதீர்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, காசும் செலவில்லை. சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் நாட்டின் சட்டங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. ஒரு பிரிவை இரண்டு மொழியிலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எதில் தொடங்குவது என்றால், நம் குடும்பங்களுக்கு ஏதோ ஒரு நாள் தேவைப்படுகிற பிரிவிலேயே தொடங்குங்கள். கைதான ஒருவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 5ஆவது விதி. அதற்கு மேல் எத்தனை நாள் வைக்கலாம் என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவு சொல்கிறது: 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றமென்றால் முதல் தடவை 4 நாள் வரை, இரண்டாம் தடவை 3 நாள் வரை, 14 ஆண்டோ அதற்கு மேலோ, அல்லது மரண தண்டனை என்றால் இரண்டு தடவையும் 7 நாள் வரை. இந்தப் பிரிவைப் படித்துவிட்டு, தமிழில் உங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் காட்டுங்கள். மூன்று மொழியிலும் ஒரே விஷயத்தைப் பிசகாமல் சொல்லத் தெரிந்த வழக்கறிஞர்கள் இந்த நாட்டில் குறைவு, தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்த இடம் காத்திருக்கிறது.

நீதிமன்றத்துக்கும் ஒரு நாள் போய் வாருங்கள். திறந்த நீதிமன்றத்தில் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம், 1964ஆம் ஆண்டு நீதிமன்றங்கள் சட்டத்தின் 15ஆவது பிரிவே அதைச் சொல்கிறது. கோலாலம்பூர் என்றால் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம், பினாங்கு என்றால் லெபோ லைட்டில் உயர் நீதிமன்றம். அந்தப் பினாங்கு நீதிமன்றத்தின் அருகே ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, ஐரோப்பியர் அல்லாதவர்களின் உரிமைக்காக வாதாடிய 19ஆம் நூற்றாண்டு வழக்கறிஞர் அவர், போனால் பார்த்துவிட்டு வாருங்கள். நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டிருக்க வேண்டும், கைப்பேசியை அணைத்துவிட வேண்டும், உள்ளே போகும்போதும் வரும்போதும் தலை தாழ்த்தி வணங்க வேண்டும். பெரிய கொலை வழக்கைத் தேடாதீர்கள். காலையில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள்.

அங்கே குற்றச்சாட்டு வாசிக்கப்படும். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் கூண்டில் நின்றால், மொழிபெயர்ப்பாளர் தமிழில் படித்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை கேட்கிறீர்களா என்று கேட்பார். ஒப்புக்கொண்டால், அதன் தன்மையும் விளைவும் அந்த ஆளுக்குப் புரிந்திருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் உறுதி செய்துகொள்ள வேண்டும், அதுவும் சட்டத்தில் உள்ளது. அந்த ஓரிரு நிமிடத்தை உற்றுக் கவனியுங்கள். சில பேர் "ஆமாங்க, ஆமாங்க" என்று எதற்கும் தலையாட்டுவார்கள், புரிந்து ஆட்டுகிறார்களா, பயத்தில் ஆட்டுகிறார்களா என்று தூரத்தில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கே சந்தேகம் வரும். பக்கத்தில் வழக்கறிஞர் ஒருவர் நின்றால் அந்த இடம் எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள். 2011இல் தொடங்கப்பட்ட தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் மூலம் வருகிற வழக்கறிஞர்களும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலிருந்து வருகிற சேம்பரிங் மாணவர்களும் இந்த நீதிமன்றங்களில் நிற்பார்கள். நீங்கள் என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று இந்த ஒரு காலை சொல்வதை எந்தக் கல்லூரி விளம்பரமும் சொல்லாது. பார்த்துவிட்டு, "இது எனக்கு வேண்டாம், நான் கம்பெனி ஒப்பந்தங்கள் எழுதுகிற பக்கம் போகிறேன்" என்று தோன்றினாலும் நல்லதே, நில மாற்றம், நிறுவனச் சட்டம், வங்கிச் சட்டம் என்று நீதிமன்றப் படியே ஏறாமல் தொழில் செய்கிறவர்கள் எத்தனையோ பேர்.

தயாரிப்பு என்ற பெயரில் செய்ய வேண்டாதவையும் உண்டு. லத்தீன் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், வேண்டியது வகுப்பில் வரும். முதல் வருடப் பாடப் புத்தகங்களை முன்கூட்டியே வாங்க வேண்டாம், விலை அதிகம், பதிப்பு மாறும், நூலகத்தில் இருக்கும். சான்றிதழ் தருகிறார்கள் என்பதற்காக வார இறுதிப் பட்டறைகளுக்கு ஓட வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு நல்ல தீர்ப்பைப் படியுங்கள். நீதித்துறையின் இணையத்தளத்தில் அண்மைக்காலத் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தாயின் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் மதம் மாற்றப்பட்டதை எதிர்த்து ஈப்போவைச் சேர்ந்த ஒரு தாய் போட்ட இந்திரா காந்தி வழக்கில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29இல் கொடுத்த தீர்ப்பைப் பற்றி நம் வீடுகளில் பேசாதவர் இல்லை. முழுதாகப் படித்தவர் மிகக் குறைவு. நீளமானது, முதலில் பாதிதான் புரியும். பரவாயில்லை, ஈப்போ உயர் நீதிமன்றத்தில் 2013இல் வென்ற தாய் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2015இல் ஏன் தோற்றார், பிறகு ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ஏன் அதை மாற்றினார்கள் என்ற ஒரு நூலை மட்டும் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

ஏற்கனவே வேறு பட்டப்படிப்பில் இருக்கிறவர்களும் கேட்கிறார்கள்: கணக்கியல் இரண்டாம் வருடம், இப்போது சட்டத்தின் மீது ஆசை வந்துவிட்டது, விட்டுவிடவா? பெரும்பாலும் முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கணக்கியல் தெரிந்த வழக்கறிஞருக்கு வரி, நிறுவன, திவால் வழக்குகளில் மதிப்புண்டு, பொறியியல் தெரிந்தவருக்குக் கட்டுமான வழக்குகளில். முடித்த பிறகு சட்டப் பட்டத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும், பட்டதாரிகளுக்கென்று சுருக்கப்பட்ட சட்டப் பட்டங்களும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் உண்டு. இந்தச் சுருக்கு வழிகளில்தான் வாரியத்தின் விதியை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே வழக்கறிஞராகப் போதுமான ஒரு மாற்றுப் படிப்பு இங்கே போதாமல் போகலாம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் தருகிற ஜே.டி. பட்டமும் இங்கே நேராக நுழைவு தராது. விண்ணப்பிக்கும் முன் உங்கள் எஸ்.பி.எம். சான்றிதழ், பட்டத்துக்கு முந்திய படிப்பின் சான்றிதழ், முதல் பட்டத்தின் மதிப்பெண் பட்டியல், சேர நினைக்கிற சட்டப் படிப்பின் கால அளவு, அது எங்கே நடத்தப்படுகிறது என்ற விவரம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து வாரியத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். கணக்கியலின் மீதி வருடங்களில் வாரம் ஒரு வழக்கு, வாரம் ஒரு சட்டப் பிரிவு இரண்டு மொழியில் என்று தொடங்கிவிடலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.